வெள்ளைத் துணி வேண்டாம்

பூரணி கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஏழாவது சட்டை. இன்னும் நான்கு கிடக்கிறது. நாளை பாரிஸ் புறநகர் ஓல்னே-சூ-புவாவில் ஒரு சாமத்தியச் சடங்கு வீடு. பெரியம்மா, சித்தி, மாமிமார், தட்டுத் தூக்குகிற பெண்கள் என்று பதினொரு பேருக்கும் ஒரே மாம்பழ மஞ்சளில் சாறிச் சட்டை. அளவு கொடுக்க வரும்போது எல்லாரும் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள். போட்டுப் பார்க்கும்போது மூச்சை விட்டுவிடுவார்கள். "என்ன பிள்ளை, இப்பிடி இறுக்கிப்போட்டாய்?" என்று பழி இவள் தலையில் விழும். அதற்காகவே உள்தையலில் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு வைப்பது பூரணியின் வழக்கம். கேட்டவுடன் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

லா சப்பல் மெட்ரோவிலிருந்து இரண்டு நிமிட நடையில் கடை. முன்பக்கம் முழுக்கச் சாறி. பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் தையல் மெஷின், ஓரம் அடிக்கிற மெஷின், இஸ்திரிப்பெட்டி, வெட்டுத் துண்டு அடைத்த கறுப்புப் பைகள், இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கதிரை. கதிரையை முழுதாகப் பின்னுக்குத் தள்ள இடமில்லை. எழும்புவதென்றால் பக்கவாட்டில்தான் எழும்ப வேண்டும்.

"சாரதா! இஞ்சை ஒருக்கா வா பிள்ளை."

முதலாளி தம்பிராசா கூப்பிட்டார். பூரணி எழும்பினாள். எட்டு வருடமாகக் கடைக்குள் அவள் சாரதாதான். அவளுடைய அகதி விண்ணப்பத்தை இரண்டு தரம் நிராகரித்துவிட்டார்கள். வேலை செய்ய அவளிடம் வதிவிட அனுமதிக் காட் இல்லை. ஓல்னேயில் இருக்கிற சாரதாதேவி என்ற பெண்ணின் காட்டில்தான் வேலை. சம்பளச் சீட்டிலும் அந்தப் பெயர்தான். திடீரென்று யாராவது சோதனைக்கு வந்தால் வாய் தடுமாறக் கூடாது என்று தம்பிராசா முதல் நாளிலிருந்தே அப்படிக் கூப்பிடப் பழகிக்கொண்டார். வாடிக்கையாளர்களுக்கும் அவள் சாரதா அக்கா.

அந்த எட்டு வருடத்தையும் தன் பெயருக்குத் திருப்பி எடுக்கிற முயற்சியில்தான் பூரணி இப்போது இருந்தாள். ஆன்-சோஃபி என்ற இலவச வழக்கறிஞர் வழி சொல்லியிருந்தாள். சாரதாதேவியின் பெயரில் வேலை செய்தது உண்மையில் பூரணிதான் என்று முதலாளி ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும். சம்பளச் சீட்டுகளையும் அதையும் கொண்டுபோய்ப் பிறிபெக்சூர் என்கிற அரச அலுவலகத்தில் காட் கேட்கலாம். பங்குனி மாதத்தில் ஒரு நாள் குறித்து ரொந்தேவு கிடைத்திருக்கிறது. தம்பிராசாவும் மாட்டேன் என்று சொல்லவில்லை. "பொங்கல் முடியட்டும் பிள்ளை, எழுதித் தாறன்" என்றிருந்தார்.

பூரணியின் மகள் நிருபா வவுனியாவில் பெரியம்மாவோடு இருக்கிறாள். ஐந்து வயதில் விட்டுவிட்டு வந்தது, இப்போது பதினைந்து. காட் கைக்கு வர மாதக்கணக்கில் செல்லும், வந்து ஒன்றரை வருடம் போனால்தான் பிள்ளையைக் கூப்பிடக் கேட்கலாம். பிள்ளைக்குப் பதினெட்டு ஆகிவிட்டால் கேட்கவே முடியாது. பூரணி விரல் விட்டு எண்ணாத நாளில்லை. பங்குனி ரொந்தேவு தவறினால் பிள்ளையும் தவறும்.

திரையை விலக்கிக்கொண்டு போனாள். மேசைக்கு முன்னால் நரைத்த தலையும் சைக்கிள் தொப்பியுமாக ஒரு பிரெஞ்சு மனுஷி நின்றாள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற ஜெனவியேவ். மருத்துவிச்சியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். திரைச்சீலை ஓரம் அடிக்க முன்பும் இரண்டு தரம் வந்திருக்கிறாள். மேசையில் ஒரு வெள்ளைத் துணி கிடந்தது. கை அளவு, நீளவாக்கில், பஞ்சுபோலத் தடிப்பாக. தம்பிராசா அதிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றார்.

"என்ன சாமான் எண்டு கையிலை எடுத்துப் பாத்திட்டன்," என்றார் தமிழில், முகத்தைச் சாறி அடுக்குப் பக்கம் திருப்பிக்கொண்டு. "நீயே கதை. மலிவா வெள்ளைப் பருத்தி கிடைக்குமோ எண்டு கேக்கிறா."

பூரணிக்குத் தொட்டவுடனே விளங்கியது. சிரிப்பும் வந்தது. முன்னால் கண்ணாடியில் நாளைய சாமத்திய வீட்டுப் பெண்ணின் அலங்காரச் சாறி தொங்குகிறது. பெண் பெரியபிள்ளையானதற்கு மண்டபம் எடுத்து, ஹெலிகொப்டர் வேண்டுமா குதிரை வண்டி வேண்டுமா என்று யோசிக்கிற சனம். அதற்குக் காரணமான துணியை மட்டும் தொடமாட்டார்கள்.

ஜெனவியேவ் மெதுவாக, பூரணிக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள். காசாவில் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. பெண்கள் கூடாரங்களில் இருக்கிறார்கள். மாதம் வந்தால் ஒன்றுமில்லை. உடுப்பைக் கிழித்து வைக்கிறார்கள். தேவாலய மண்டபத்தில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து, கழுவித் திரும்பப் பாவிக்கிற துணி தைத்து அனுப்பலாம் என்று பார்க்கிறோம். இது மாதிரித் தைத்தது. எப்படி இருக்கிறது?

பூரணி துணியைத் திருப்பிப் பார்த்தாள். தையல் நேராக இருந்தது. உள்ளே நல்ல தடிப்பு. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் வாய் சொல்லிவிட்டது.

"வெள்ளை வேண்டாம், மதாம்."

"ஏன்? கொதிக்க வைத்துக் கழுவலாமே."

"கொதிக்க வைக்க அங்கே என்ன இருக்கு?" என்றாள் பூரணி. அவளுடைய பிரெஞ்சு சந்தையில் படித்த பிரெஞ்சு. வினைச்சொல் பாதி வழியில் நின்றுவிடும், மிச்சத்தைக் கை சொல்லும். "தண்ணி கொஞ்சம். கழுவினாலும் கறை போகாது. பிறகு, எங்கே காயப்போடுவது? கூடாரத்துக்குக் கூடாரம் கயிறு. போகிற வருகிற எல்லாரும் ஆம்பிளைகள். இதைக் கொடியில் போட்டால் எல்லாருக்கும் தெரியும். போடமாட்டார்கள். மறைத்து, ஈரமாக வைத்து, ஈரத்தோடே திரும்பக் கட்டுவார்கள். பிறகு வருத்தம் வரும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஜெனவியேவ் கேட்டாள்.

எப்படித் தெரியும்! பூரணிக்குச் சொல்லப் பிரெஞ்சு போதவில்லை. முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழிக்கு மேலே அடுக்க மண்மூட்டை வேண்டும் என்று, கல்யாணக் கூறை உட்பட இருந்த சாறி எல்லாவற்றையும் அவள் கையாலேயே பையாகத் தைத்தாள். பத்து மாதப் பிள்ளை நிருபா மடியில் கிடந்தாள். பிள்ளையின் தகப்பன் ஷெல்லில் போய் ஆறு நாள். அந்த ஆறாம் நாள் பார்த்து மாதம் வந்தது. கட்ட ஒரு முழத் துணி இல்லை. துணியெல்லாம் மண்ணை நிரப்பிக்கொண்டு தலைக்கு மேல் இருந்தது. ஒரு மூட்டையை அவிழ்த்து மண்ணைக் கொட்டிவிட்டுக் கிழித்தாள். பிறகு செட்டிகுளம் முகாம். முள்ளுக்கம்பி வேலி, அந்தப் பக்கம் துவக்கோடு ஆமிக்காரன். துணியைக் கொடியில் போட்டு அதற்கு மேலே நிருபாவின் சட்டையைப் போட்டு மூடிக் காய வைப்பாள். காயவே காயாது. அந்த வருடம் பிடித்த வருத்தம் பிரான்சுக்கு வரும் வழியில் இந்தியாவில் இருந்தபோதும் விடவில்லை.

"நான் இருந்தேன்," என்றாள். "முகாமில். 2009."

ஜெனவியேவ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பூரணி கீழே குனிந்து, வெட்டுத் துண்டுப் பைக்குள்ளிருந்து நீலப் பூப்போட்ட ஒரு துண்டை இழுத்தாள். அதை மேசையில் விரித்து, சோக்கட்டியால் கழுத்து வளைவு ஒன்று வரைந்தாள். இரண்டு பக்கமும் நாடா.

"குழந்தைக்குச் சாப்பாடு கொடுக்கும்போது கழுத்தில் கட்டுவோமே, அது மாதிரி. வெளியில் பூ. கொடியில் போட்டால் குழந்தைத் துணி. மூன்றாக மடித்து இங்கே ஒரு பட்டன். நாடாவை இடுப்பில் கட்டலாம், உள்ளுடுப்பு இல்லாவிட்டாலும் நிற்கும். ஒருத்தருக்கும் தெரியாது."

ஜெனவியேவ் அந்தத் துண்டைக் கையில் எடுத்து மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். "திங்கட்கிழமை வருவீர்களா?" என்றாள்.

திங்கட்கிழமை கடை பூட்டு. பூரணி போனாள்.

மண்டபத்தில் நான்கு பழைய மெஷின்களும் ஆறு பிரெஞ்சு மனுஷிகளும் இருந்தார்கள். ஆறு பேருக்கும் நேர்த்தையல் வரும், வளைவு வராது. பூரணி அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்தாள். ஜெனவியேவ் ஒரு கொப்பியைத் திறந்து, "சாரதாதானே உங்கள் பெயர்?" என்று கேட்டாள்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். எட்டு வருடம் சொன்ன பொய் நாக்கிலேயே இருந்தது. ஆனால் அது கடை இல்லை, சம்பளம் இல்லை. அவள் தன் சொந்த அறிவைக் கொண்டுவந்து ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுத்திருக்கிறாள். அதற்கும் இரவல் பெயரா?

"இல்லை, பூரணி," என்றாள். எழுத்தெழுத்தாகச் சொல்லியும் கொடுத்தாள்.

வேலை தொடங்கினால் துணி இல்லை. வெள்ளைப் பருத்திக்குத்தான் ஆள் பார்த்து வைத்திருந்தார்கள். பூப்போட்டது வாங்க வசதி இல்லை. பூரணிக்குச் சட்டென்று நினைவு வந்தது, ஒவ்வொரு தமிழ் வீட்டு அலுமாரியிலும் ஒரு பை கிடக்கும். சாறியோடு வருகிற சட்டைத் துண்டு, கொண்டாட்டத்துக்குப் போனால் குங்குமத்தோடு வைத்துத் தருகிற சட்டைத் துண்டு. ஒருவரும் தைப்பதில்லை. இந்த வீட்டில் வாங்கியதை அந்த வீட்டில் கொடுப்பார்கள். சில துண்டு லா சப்பல் முழுக்கச் சுற்றிவிட்டுக் கொடுத்தவளிடமே திரும்பி வரும். சட்டைக்கு அளவு கொடுக்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் பூரணி கேட்டாள். முதலில் வெட்கப்பட்டுக் கேட்டாள், பிறகு வெட்கப்படாமல் கேட்டாள்.

புதுச்சேரிக்கார மதாம் லாசர் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சக்கரம் வைத்த பெட்டி ஒன்றைக் கடைக்குள் உருட்டிக்கொண்டு வந்தார். "ஏம்மா, எங்க பில்டிங்ல இருக்கிற இந்து லேடீஸ் நவராத்திரிக்கு நவராத்திரி வச்சுக் குடுத்தது. முப்பது வருஷமா சேர்ந்திருக்கு. நான் கோயிலுக்கும் போறதில்ல, பிளவுஸும் போடுறதில்ல, கவுன்தான். எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு, எனக்கும் ஒரு மெஷின் குடுக்கணும், நான் சும்மா உக்காந்திருக்க மாட்டேன்."

ரதிதேவி பூரணியின் அறைத்தோழி. அவளும் வன்னிதான், ஸ்டாலின்கிராட் பக்கம் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறாள். ஓட்டை விழுந்ததென்று கழித்துவிடுகிற துவாய்களை மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்தாள். உள்ளே வைக்க அதைவிட நல்ல துணி கிடையாது. "எந்த வெள்ளைக்காரன் துடைச்சதோ," என்று மூக்கைச் சுளித்தபடியே இரண்டு தரம் அவித்துக் காயப்போட்டாள்.

வந்த துண்டில் பாதி நைலோன். பார்த்தால் பருத்திபோலவே இருக்கும். பூரணி ஒவ்வொன்றிலும் ஒரு நூல் இழுத்து லைட்டரில் பிடிப்பாள். பருத்தி கடதாசிபோல எரிந்து சாம்பலாகும். நைலோன் சுருண்டு உருண்டை பிடித்து நாறும். பிரெஞ்சு மனுஷிகளும் அதைப் பழகிக்கொண்டார்கள். திங்கட்கிழமைகளில் அந்தத் தேவாலய மண்டபம் மெழுகுதிரி மணத்துக்குப் பதிலாகக் கருகின நூல் மணத்தது. தை மாதம் நடுவில் பன்னிரண்டு பெட்டி நிரம்பியது.

கடைக்குள் மூட்டை மூட்டையாகத் துணி வருவதைத் தம்பிராசா கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் சோற்றுப் பெட்டியை மூடிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் ஒண்டு கேக்கிறன், கோவியாதை பிள்ளை. எங்கட சனம் சாகேக்கை நாங்கள் இஞ்சை எத்தினை நாள் றோட்டிலை நிண்டனாங்கள்? கடையைப் பூட்டிப்போட்டு, மழைக்குள்ளை, கொடியும் பிடிச்சுக்கொண்டு. ஒருத்தன் திரும்பிப் பாத்தவனோ? இந்த வெள்ளைக்கார மனுசியள் அப்ப எங்கை போனவை?"

பூரணி மெஷினை நிறுத்தினாள். "ஒருத்தரும் வரேல்லைத்தான் அண்ணை."

"பின்னை?"

"நான் மண்மூட்டையை அவிட்டுக் கிழிச்சனான். பக்கத்திலை என்ரை பிள்ளை. அந்த நேரம் ஆரும் ஒரு துண்டுத் துணி கொண்டுவந்து தந்திருந்தா, அவையள் எந்த நாடு, என்ன சமயம் எண்டு கேட்டிருப்பனோ? கும்பிட்டிருப்பன்."

தம்பிராசா முன்பக்கம் போனார். போய், மேல் தட்டில் தூசி படிந்து கிடந்த விற்காத பருத்திக் கட்டு இரண்டை இறக்கி வந்து அவள் காலடியில் போட்டார். "விக்காது உது. சாயம் பழசு," என்றார். சாயம் பழசாக இல்லை. நல்ல துணி. பூரணிக்குக் கண் கலங்கிவிட்டது. கடிதத்தைப் பற்றி அன்றைக்கே கேட்டாள்.

"பொங்கல்தான் முடிஞ்சுதே. எழுதுவம், எழுதுவம். யானிக்கிட்டை ஒரு சொல் கேட்டிட்டு எழுதுறன்." யானிக் கடையின் கணக்காளர்.

மாசி மாதம் முதல் கிழமை, மெட்ரோ வாசலிலும் நூலகக் கதவிலும் பேக்கரிக் கண்ணாடியிலும் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தது. காசாப் பெண்களுக்காகத் தைக்கிறோம், பருத்தித் துணி தாருங்கள் என்று பெரிய எழுத்து. நடுவில் ஒரு படம். மெஷினுக்கு முன்னால் பூரணி, வாயில் நூலோடு சிரிக்கிறாள். கீழே: 'இந்த அமைப்பை வரைந்தவர் மதாம் பூரணி. லா சப்பலில் தையல்காரர்.' அதற்குக் கீழே நன்றி என்று போட்டுக் கடையின் பெயர்.

ஜெனவியேவ் அதைப் பூரணிக்கு ஒரு பரிசு மாதிரிக் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள். அவள் எல்லாவற்றையும் நல்ல மனதோடுதான் செய்திருந்தாள். செய்தவருடைய பெயரைப் போடாமல் விட்டால்தான் அவள் ஊரில் மரியாதை இல்லை. பூரணிக்கு முதலில் நெஞ்சு பொங்கியது. பத்து வருடத்தில் அவளுடைய பெயர் பகிரங்கமாக எங்கேயும் எழுதப்பட்டதில்லை, நிராகரிப்புக் கடிதங்களைத் தவிர. படம் எடுத்து நிருபாவுக்கு அனுப்பினாள். "அம்மா நீங்க பேமஸ்!" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் கடையின் பெயரைத் திரும்பப் பார்த்தாள். அந்தக் கடைக்குள் பூரணி என்று ஒருத்தி இல்லை.

வியாழக்கிழமை காலை யானிக் வந்தான். சுவரொட்டியை மடித்துக் கையில் வைத்திருந்தான். திரைக்குப் பின்னால் இருந்த பூரணிக்கு எல்லாம் கேட்டது.

"மிஸ்யு தம்பிராசா, உங்கள் கடையில் ஒரேயொரு தையல்காரிதான் பதிவு. சாரதாதேவி. இந்தப் பூரணி யார்? இதைப் பார்த்து நான் கேட்கிறேன். நாளைக்குத் தொழில் அதிகாரி கேட்பான்."

அன்று முழுக்கத் தம்பிராசா அவளைக் கூப்பிடவில்லை. பின்னேரம், கடைக்குள் ஆளில்லாத நேரம் பார்த்து வந்தார். கதிரை இல்லாததால் துண்டுப் பையின் மேல் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து அவள் ஒரு நாளும் கண்டதில்லை.

"பிள்ளை, கொஞ்ச நாளைக்கு நீ வராதை."

"அண்ணை, கடிதம்?"

"எப்பிடி எழுதுறது? ஆள் மாறி வேலை செய்தது எனக்குத் தெரியும் எண்டு நானே கையெழுத்து வைச்சுக் குடுக்கவோ?"

"முதலும் அப்பிடித்தானே அண்ணை. அப்ப ஓம் எண்டனீங்கள்."

"முதல் ஒருத்தரும் பாக்கேல்லை. இப்ப உன்ரை படம் மெட்ரோ வாசல்லை நிக்குது. கடையை இழுத்து மூடினாங்களெண்டா என்ரை பிள்ளையள் என்ன செய்யிறது?" அவர் பையின் மேலிருந்து எழும்பினார். "ஏன் பிள்ளை உன்ரை பேரைச் சொன்னனீ? சாரதா எண்டு சொல்லியிருக்கலாமே!"

பூரணி மெஷினுக்குத் திரும்பினாள். பாதியில் நின்ற சட்டையைத் தைத்து முடித்தாள். உள்தையலில் ஒரு அங்குலம் விட்டாள். கத்தரிக்கோலைத் தன் பைக்குள் வைத்தாள், அது அவளுடையது. அளவு நாடா கடையுடையது என்று நினைத்து ஆணியில் கொழுவினாள். இருபத்துமூன்றாம் அங்குலத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட கறுப்புத் தழும்பு உள்ள நாடா.

விசயம் தெரிந்து ஜெனவியேவ் அழுதாள். நான் போய்க் கதைக்கிறேன் என்று கடைக்குக் கிளம்பியவளைப் பூரணிதான் மறித்தாள். போனால் அவர் இன்னும் பயப்படுவார். சுவரொட்டியை இரண்டு பேரும் சேர்ந்து சுரண்டி எடுத்தார்கள். மெட்ரோ வாசலில் பசை நன்றாகப் பிடித்திருந்தது. முகம் வந்தது, பெயர் இருந்த துண்டு சுவரோடேயே நின்றது.

ஆன்-சோஃபி நம்பிக்கை இழக்கவில்லை. ரொந்தேவை ஆனி மாதத்துக்குத் தள்ளி எடுத்தாள். "மனம் தளர வேண்டாம். உங்களுக்கு ஒரு சாட்சி இருக்கிறது," என்றாள். "நீங்கள் நின்ற மாதத்தோடு சாரதாதேவியின் சம்பளச் சீட்டும் நிற்கும். இரண்டும் ஒரே நாளில் நின்றால், இரண்டும் ஒரே ஆள் என்று நாங்கள் வாதாடலாம். முதலாளியும் பயம் தெளிந்து கையெழுத்து வைக்கலாம்." மண்டபத்தில் தைப்பதைச் சேர்க்க முடியாதா என்று ஜெனவியேவ் கேட்டாள். அது தொண்டு, தொண்டு வேலையாகாது என்றாள் ஆன்-சோஃபி.

பூரணி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். சீட்டு நிற்கும். மாசி, பங்குனி, சித்திரை, மூன்று மாதமாக நின்றிருக்கும். காலையில் ஒரு கிழவிக்குச் சமைத்துக் கொடுத்தாள். அதில் அறை வாடகைக்குக் காணும். திங்களோடு புதனும் மண்டபத்துக்குப் போனாள். பன்னிரண்டு பெட்டியில் ஒன்பது எகிப்தில் ஒரு கிடங்கில் நின்றன. பேப்பர் எல்லாம் சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை. மூன்று பெட்டியை மட்டும் ஒரு மருத்துவக் குழு தங்கள் சாமான்களோடு கொண்டுபோயிருந்தது.

சித்திரை நடுவில் அந்தக் குழுவின் தாதி ஒரு படம் அனுப்பினாள். ஜெனவியேவ் போனை நீட்ட எல்லாரும் மெஷினை விட்டு எழும்பி வந்தார்கள். மணலில் கூடாரங்கள். கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவில் கயிறு. நல்ல வெயில். சின்னக் காற்சட்டை, ஒரு பனியன், அவற்றுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பூப்போட்ட துணிகள், நாடா காற்றில் தூக்கியபடி. மூன்று ஆண்கள் கயிற்றுக்குக் கீழே குனிந்து தண்ணீர்க் கானோடு போகிறார்கள். ஒருவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அது என் பிளவுஸ் துண்டு!" என்று மதாம் லாசர் கத்தினார். "அந்தக் கிளிப்பச்சை! தொண்ணூத்தஞ்சுல குடுத்தது!"

ரதிதேவி பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "காயுதடி," என்றாள். "பாரன், வெயில்லை காயுது." இருவரும் சேர்ந்து அழுதார்கள். பிரெஞ்சு மனுஷிகளுக்குச் சரியாக விளங்கவில்லை; தோளைத் தடவிக்கொடுத்தார்கள்.

சித்திரை கடைசிச் சனிக்கிழமை தம்பிராசா போன் எடுத்தார். "கடைக்கு இன்னும் சனம் துணி கொண்டுவருகுது பிள்ளை. மூண்டு பை சேர்ந்து கிடக்கு. வந்து எடன்."

அவர் கூப்பிட்டதே பெரிய காரியம். பயம் தெளிந்துவிட்டதாக்கும் என்று பூரணி நினைத்தாள். கடிதத்துக்கான மாதிரி வரிகளை ஆன்-சோஃபி எழுதித் தந்திருந்தாள்; அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

கடை நிறைய ஆட்கள். தம்பிராசா அவளைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இரு பிள்ளை, இரு. மெலிஞ்சு போனாய். தேத்தண்ணி குடி." தன் கோப்பையிலேயே ஊற்றிக் கொடுத்தார். நிருபாவைக் கேட்டார், ரதிதேவியைக் கேட்டார். அவள் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. கையிலிருந்த சாறியை மடித்துக்கொண்டே இருந்தார்.

திரைக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பூரணி தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்திக் கேட்டாள். வேகமான கை. வளைவில் கொஞ்சம் அவசரப்படுகிறது. முதலாளியின் உறவுக்காரர் யாராவது உதவிக்கு வந்திருக்கலாம். கைப்பைக்குள் இருந்த கடதாசியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆட்கள் கொஞ்சம் விலகட்டும், கேட்கலாம்.

தம்பிராசா சாறியைத் தட்டில் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"சாரதா! அந்தப் பையளை இஞ்சை எடுத்துக்கொண்டு வா பிள்ளை."

"ஓம் அண்ணை," என்று பூரணி எழும்பிவிட்டாள். கையிலிருந்த தேத்தண்ணி தளும்பி விரலில் கொட்டியது.

மெஷின் நின்றது. கதிரை சுவரில் முட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு பெண் பக்கவாட்டில் எழும்பித் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். அவளும் ஓல்னே சாரதாதேவி இல்லை; அந்தக் காட்டில் இப்போது இவள். சட்டைக் கையில் மஞ்சள் நூல் ஒட்டியிருந்தது. கழுத்தில் அளவு நாடா, இருபத்துமூன்றாம் அங்குலத்தில் கறுப்புத் தழும்பு. மூன்று பையையும் பூரணியின் காலடியில் கவனமாக வைத்தாள்.

"பருத்தியை மட்டும் வேறையாக் கட்டி வைச்சிருக்கிறன் அக்கா," என்றாள் அவள். "நூல் எரிச்சுப் பாத்தனான்."